ஏறி வரும் வண்டிக்கு வழி விடு

இருபத்திரண்டு வருஷமாக ஏற்காடு வண்டி ஓட்டுகிறேன்.
இருபது கொண்டை ஊசி, நாளைக்கு நாலு நடை.
மலை ஏறி மலை இறங்குகிறவன் என்று
கோரிமேட்டில் எனக்குப் பேர்.
ஏறியது வண்டி.
நான் உட்கார்ந்திருந்தேன்.

இடுப்புக்குக் கீழே என்ஜின் சூடு.
பிரேக்குக்கு ஒரு கால், கிளட்சுக்கு ஒரு கால்,
நடுவில் இருப்பதைப் பற்றி
டிப்போவில் யாரும் விசாரித்ததில்லை.
ஐம்பத்து மூன்றில் அது
என்னிடம்கூடச் சொல்லாமல்
விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டது.

அமிர்தவல்லியிடம் நான் சொன்னது வேறு.
"முதுகு வலிக்குது, தரைதான் சரிப்படும்."
ஒரு வாரம் என்று நினைத்தாள்.
மூன்று பொங்கலுக்கு வெள்ளையடித்தும்
பாய் அதே இடத்தில் கிடந்தது.
கட்டிலில் என் பக்கத்தில்
அங்கன்வாடிப் பதிவேடுகள் படுத்துக்கொண்டன.

பழைய பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம்
எனக்கென்றே ஒட்டியதுபோல நோட்டீஸ்.
மாதம் இரண்டாவது செவ்வாய், லாட்ஜில், அறை எண் பதினொன்று.
தலையில் துண்டு போட்டுப் போனேன்.
வராந்தாவில் அதே மாதிரித் துண்டோடு
எங்கள் டைம் கீப்பர்.
"அண்ணே, இங்க எங்க?"
"ஒரு பார்சல் வாங்கணும்."
"எனக்கும் பார்சல்தான்."
மூவாயிரத்து ஐநூறுக்கு லேகியம்,
டூல்ஸ் பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன்.
அந்த வருஷம் வீட்டில்
எறும்புகள் மட்டும் நல்ல சுறுசுறுப்பு.

சர்க்கரைக்குத்தான் டாக்டரம்மாவிடம் போனேன்.
என் மகளைவிட ஒரு வயசு கூட இருக்கலாம்.
சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்,
"வீட்ல எப்படி?"
"மேட்டூர் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா வருது."
பேனாவை மூடிவைத்தார்.
"அதக் கேக்கல."

காலண்டரில் இருந்த முருகனைப் பார்த்தபடி
எல்லாம் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
"நெஞ்சுக்குப் போற குழாயவிட
அங்க போற குழாய் மெல்லிசு.
அடைப்புன்னா அங்கதான் முதல்ல தெரியும்.
வெட்கம் எதுக்கு, அது ஹார்ன் அடிக்குது.
ஈசிஜி எடுங்க. பீடிய விடுங்க.
மூச்சு வாங்கற மாதிரி நடங்க."

எனக்குத் தெரிந்த ரோடு ஒன்றுதான்.

விடியுமுன் அடிவாரம்.
முதல் வாரம் முதல் வளைவுகூட எட்டவில்லை.
செக்போஸ்ட்டில் கேட்டார்கள், "வண்டி ரிப்பேரா?"
ஆமாம் என்றேன்.
பொய் இல்லையே.

ஆடிக்குள் ஆறாவது வளைவு.
இறங்கி வந்த முதல் பஸ்ஸை
எனக்காக ஓரங்கட்டினான் கதிரேசன்.
ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும்,
நான் சொல்லிக்கொடுத்த சட்டம்தான்.

கூட நடப்பவர் ஆரோக்கியசாமி,
இரும்பாலையில் கிரேன் ஓட்டியவர், அறுபத்தாறு.
பிரஷர், முழங்கால், மருமகள்
எல்லாம் பேசித் தீர்ந்த ஒரு நாள்
ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர்
தார் ரோட்டிடம் சொல்வதுபோலச் சொன்னார்:
"விடியக்காலைல திரும்பக் கொடி ஏறுதுப்பா.
தினமும் இல்ல.
சுதந்திர தினம், குடியரசு தினம், அந்த மாதிரி."
நாங்கள் சிரித்த சிரிப்பில்
ஒரு குரங்கு குட்டியை அள்ளிக்கொண்டு ஓடியது.

எனக்கு அப்போது எந்தத் தினமும் இல்லை.
ஆனாலும் படி ஏறினால் இரைப்பதில்லை,
படுத்தால் தூக்கம்,
பீடிக்கட்டை வைத்த இடம் மறந்துபோயிருந்தது.

ஐப்பசி மழைக்குத் தரை கசிந்தது.
அமிர்தவல்லி பதிவேடுகளைத் தூக்கி
ஜன்னலில் வைத்தாள்.
"முதுகு இப்ப எப்படி?"
"பரவாயில்ல."
"முதுகா அது?"
நான் பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.
"அந்த டப்பா மூடியத் திறந்துவெச்சது நாந்தான்," என்றாள்.
"கண்டதத் தின்னு செத்துகித்துப் போயிட்டா?"

அன்று ராத்திரி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.
வெடிப்பு விழுந்த அவள் குதிகால்
என் கெண்டைக்காலில் வந்து உரசியது.
"என்னங்க இது, கல்லு மாதிரி இருக்கு."
கெண்டைக்காலைத்தான் சொன்னாள்.

மழை விட்டது ஒரு மாசம் கழித்து.
அதற்குள் ஒரு நாள்
நாலரை மணி அலாரம் அடித்தது.
யார் கை நீட்டி அணைத்தோம்,
ஞாபகம் இல்லை.